நீராவியின் அகச்சிவப்பு உறிஞ்சலை அளக்க ஏன் குளிர்ந்த, வறண்ட இடங்களைத் தேடிப் போகிறார்கள்?

நீராவி நிறைய இருந்தால் அளப்பது எளிது என்றுதான் தோன்றும். ஆனால் சுமார் 17 முதல் 100 மைக்ரான் வரை அலைநீளமுள்ள தொலை அகச்சிவப்பில் நீராவி மிகப் பலமாக உறிஞ்சும். ஈரமான ஊரில் தரையிலிருந்து மேலே பார்க்கும் கருவிக்குப் பக்கத்துக் காற்றின் வெப்பக்கதிர்தான் தெரியும். எல்லாமே உறிஞ்சப்பட்ட பிறகு எதை ஒப்பிடுவது?

வெப்பமண்டலக் கடலோரத்தில் தலைக்கு மேலுள்ள நீராவியை நீராக்கினால் 50 மி.மீ. வரை தேறும். 2009-இல் சிலியின் செரோ டோக்கோவில், சுமார் 5,300 மீட்டர் உயரத்தில், அது அரை மி.மீ.க்கும் கீழே போனது. அப்போதுதான் உறிஞ்சல் கோடுகளுக்கு (நீராவி பலமாக உறிஞ்சும் அலைநீளங்களுக்கு) நடுவே இடைவெளி திறந்து, உறிஞ்சலைக் கணிக்கும் கணக்கீட்டு மாதிரிகளைச் சோதிக்க முடிந்தது.

கருவி முதலில் வெப்பநிலை தெரிந்த இரண்டு கரும்பொருள்களை (வெப்பநிலையை வைத்தே கதிரைக் கணக்கிடக்கூடிய கறுப்புப் பரப்புகளை) பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், அப்புறம் வானம். உண்மையான தலைவலி, மேலே நீராவி எவ்வளவு இருக்கிறது என்பதுதான். அது பிசகினால் உறிஞ்சல் கணக்கும் பிசகும். பலூனில் போகும் ஈரப்பத உணரி வெயிலில் சூடேறி, ஈரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் மிகக் கொஞ்சமான நீராவியையும் உணரும் 183 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை ரேடியோமீட்டரையும் (கதிரை அளக்கும் கருவி) பக்கத்திலேயே வைக்கிறார்கள்.