பெருமைக்கு வெட்டிய குன்று

கேள்வி: ரோம் ஏழு குன்றுகளின் மேல் எழுந்த நகரம் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் குன்றுகளில் இன்று என்ன இருக்கிறது? பழைய பெருமை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

பதில்: இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கியூரினாலில், முன்பு போப்பாண்டவர்களும் பிறகு அரசர்களும் வாழ்ந்த மாளிகையில் இத்தாலியின் ஜனாதிபதி இருக்கிறார். விமினாலில் உள்துறை அமைச்சகம். எஸ்குவிலினில் சாந்தா மரியா மஜோரே பேராலயம்; போப் பிரான்சிஸை 2025இல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். சீலியனில் பூங்காவும் ராணுவ மருத்துவமனையும். பாலடைனில் பேரரசர்களின் இடிந்த அரண்மனைகளை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பலர் நினைப்பதுபோல வத்திக்கான் இந்த ஏழில் சேராது. அது டைபர் ஆற்றுக்கு அக்கரை.

இனி, பெருமை. பழம்பெருமை பேசுகிறவர்களின் கையில் சிக்கிய பழம்பொருள் பிழைக்காது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி வசைக் கடிதங்களை வாங்கியிருக்கிறேன். மறுபடியும் எழுதுகிறேன்.

கேபிடலின் குன்றின் வடக்குச் சரிவில் பழைய குடியிருப்பு ஒன்று இருந்தது. போப் மூன்றாம் பால் கட்டிய கோபுரமும் அராசேலி மடத்தின் ஒரு பகுதியும் இருந்தன. ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் அரசர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப 1885இல் வேலையைத் தொடங்கி, அத்தனையையும் இடித்துத் தள்ளினார்கள். 1911இல் திறப்பு விழா. கண்ணைக் கூசும் அந்த வெள்ளைப் பளிங்குக் குவியலுக்கு ஊரார் வைத்த பெயர் 'தட்டச்சு இயந்திரம்'. நடுவே அரசர் ஏறி அமர்ந்திருக்கும் பிரம்மாண்டமான வெண்கலக் குதிரை. அதன் வயிற்றுக்குள் நீள மேஜை போட்டு, சுமார் இருபது பேர் விருந்துக்கு உட்கார்ந்திருக்கும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. குதிரையைச் செய்து முடித்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடம் தொடர்பாக எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்தப் படம்.

முசோலினி அதையும் விஞ்சினார். சீசர்களின் வாரிசு தாமே என்று உலகுக்குக் காட்ட, தம் அலுவலகம் இருந்த வெனிஸ் சதுக்கத்திலிருந்து கொலோசியம் வரை அவருக்கு நேர்ச்சாலை வேண்டியிருந்தது. குறுக்கே வெலியா குன்று நின்றது. ஏழின் பட்டியலில் வராவிட்டாலும் ரோமின் ஆதிக் குன்றுகளில் ஒன்று. அதை வெட்டி எறிந்தார்கள். தோண்டும்போது ஆதி யானையின் எலும்புகூடக் கிடைத்தது, வேலை நிற்கவில்லை. குடியிருந்த ஏழைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளினார்கள். 1932 அக்டோபர் 28, அவர் ரோமைக் கைப்பற்றியதன் பத்தாம் ஆண்டு விழா; அன்று புதுச் சாலையில் அணிவகுப்பு நடந்தது. எந்த ரோமானியப் பேரரசர்களின் பெயரைச் சொல்லிச் சாலை போட்டாரோ, அவர்கள் கட்டிய மன்றங்களின், அதாவது பொதுச் சதுக்கங்களின், பெரும்பகுதி அந்தச் சாலைக்கு அடியிலேயே புதைந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த கோத்தர்கள், வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரோமைக் கொள்ளையடித்தார்கள். குன்றை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மிஞ்சியது எது என்று கேட்டீர்கள். அவென்டைனுக்குப் போங்கள். அங்கே சாந்தா சபீனா தேவாலயத்தில் ஐந்தாம் நூற்றாண்டின் மரக் கதவு இன்னும் நிற்கிறது. இருபத்தெட்டுப் பலகைகளில் பதினெட்டு பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு சிறிய பலகையில் இயேசு, இரு கள்வர்களுக்கு நடுவே, கண்ணைத் திறந்தபடி கைகளை விரித்து நிற்கிறார். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய சிலுவைக் காட்சிகளுள் அது ஒன்று. பதினைந்து நூற்றாண்டுகளாக வழிபாடு நடக்கும் இடம் என்பதால் கதவும் தப்பித்தது என்பது என் எண்ணம்.

அதே குன்றின் சரிவில் யூதர்களின் இடுகாடு இருந்தது. 1934இல் கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். 1950இல் யூதச் சமூகத்தின் சம்மதத்தோடு அங்கே நகராட்சி ரோஜாத் தோட்டம் அமைத்தது. நடைபாதைகளை அவர்களுடைய ஏழு கிளை விளக்கின் வடிவில் வகுத்திருக்கிறார்கள். ஒரு நகரம் தன் பழைய மனிதர்களை மதித்தது என்று நான் சொல்லத் துணியும் இடம் அது. ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. மே மாதம் போனால் பூத்திருக்கும்.