பேட்டரி பட்டறையில் அப்பா, ரத்தச்சோகையில் பிள்ளை: ஈயப் பரிசோதனை தேவையா?

கேள்வி: என் கணவர் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மகனுக்கு 3 வயது. அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறான், பேச்சும் தாமதம். ரத்தச்சோகைக்கு மாதக்கணக்கில் டானிக் கொடுத்தும் தேறவில்லை. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? வேலையை விடும் நிலையில் நாங்கள் இல்லை.

பதில்: கட்டாயம் பாருங்கள். கணவருக்கும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கும் பரிசோதனை தேவை. ஈயம் தாயிடமிருந்து கருவுக்குப் போகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போய், அப்பாவின் வேலையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் ஈயத்தின் நினைப்பு எளிதில் வராது. அங்கே வசதி இல்லையென்றால், பெரிய தனியார் ஆய்வகங்கள் ரத்த மாதிரி வாங்கி அனுப்பிப் பார்த்துத் தருகின்றன. ரத்தத்தைக் கை ரத்தக்குழாயிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. குழந்தைகளுக்கு 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். குறைவாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வலிப்பு, விடாத வாந்தி, அசாதாரணத் தூக்கம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

மருந்து கொடுத்துவிட்டு அதே வீட்டுக்கு அனுப்பினால் ஈயம் மறுபடி ஏறும். உங்கள் வீட்டில் அது வரும் வழி பெரும்பாலும் கணவரின் சட்டை, தலைமுடி, செருப்பு, வண்டி சீட். பிள்ளை ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்வான், அப்புறம் விரலை வாயில் வைப்பான். பெரியவர்களைவிட 4-5 மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சும். ஆகவே பட்டறையிலேயே தலைக்குக் குளித்து, உடை மாற்றி வரட்டும். முடியாதபோது, பிள்ளையைத் தொடும் முன் வெளியிலேயே குளியல். வேலைத் துணியைத் தனி வாளியில் துவையுங்கள். தரையைக் கூட்டிப் பெருக்க வேண்டாம், தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். உடைத்த பேட்டரிப் பெட்டி ஒன்றுகூட வீட்டுக்குள் வரக்கூடாது.

டானிக்கை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும். கேழ்வரகு, கீரை, முட்டை, நெல்லிக்காய் எல்லாம் நல்லது. ஆனால் விஷத்தை முறிக்கும் என்று விற்கும் பொடிகள் வேண்டாம். சில பற்பங்களிலேயே ஈயம் இருந்திருக்கிறது.

இத்தனையும் உங்கள் தலையிலேயே விழுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. அவர்கள் பார்க்கும் பட்டியலில் ரத்தச்சோகை உண்டு, ஈயம் இல்லை. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி தொழிலாளிக்கு ஈய நச்சு வந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தொழிலாளியின் பிள்ளை அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. புதிதாக எதையும் கட்ட வேண்டாம். பட்டறை உள்ள ஊர்களில் அந்த அங்கன்வாடி மருத்துவக் குழு அப்பாவின் தொழிலைக் கேட்டு, சந்தேகப்பட்டால் ரத்தம் எடுத்து அனுப்பட்டும். அளவு கூடியிருந்தால் சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கும் பட்டறைக்கும் போகட்டும்.

இது நடக்கிற காரியம்தான். வங்கதேசத்தில் சமையல் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கலந்தார்கள். 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்துக்கு அதுவே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியதும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் டாக்காவின் மொத்தச் சந்தையில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டியது. 2021-ல் ஈயம் இருந்த மாதிரிகள் பூஜ்யம்.

மகனின் அளவு 5-க்கு மேல் வந்தால் அந்தக் காகிதத்தின் நகலை அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுங்கள். கணவரோடு வேலை செய்பவர்களின் வீடுகளிலும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். பரிசோதனையை டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி செய்யுங்கள். எண் இறங்கவில்லை என்றால் ஈயம் இன்னும் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். தேடலை அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.