லத்தீன் உயிரெழுத்துகளை ஆங்கிலம் மட்டும் ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

லத்தீன் அகரவரிசையின் முதல் எழுத்தை இத்தாலியர், ஸ்பானியர், ஜெர்மானியர் எல்லோரும் 'ஆ' என்கிறார்கள். ஆங்கிலேயர் 'ஏ' என்கிறார்கள். மற்றவர்களுக்கு 'ஈ' ஆன 'I' எழுத்து ஆங்கிலத்தில் 'ஐ'.

உயிரொலி என்பது வாயில் எங்கும் தடைபடாமல் வரும் ஒலி. நாக்கின் உயரமும் உதட்டின் குவிவும் மாறினால் அதுவும் மாறும். ஆங்கிலத்தில் சுமார் 1400 முதல் 1700 வரை நடந்தது இதுதான். நெட்டுயிர்களுக்கு நாக்கு மெல்ல மேலேறியது. ஏற்கெனவே உச்சியில் இருந்த 'ஈ' மேலும் ஏற இடமின்றி 'ஐ' ஆனது. இன்று 'நேம்' (name, பெயர்) என்கிற சொல் முன்பு ஏறக்குறைய 'நாம'. ஜெர்மனில் இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான்!

சரி, எழுத்து ஏன் கூடவே மாறவில்லை? 1476-இல் காக்ஸ்டன் என்ற அச்சாளர் இங்கிலாந்துக்கு அச்சகம் கொண்டுவந்தார். ஒலி நகர்ந்துகொண்டிருந்தபோதே எழுத்துக்கூட்டல் உறையத் தொடங்கிவிட்டது. குடியிருப்பவர் மாறியும் வாசலில் பழைய பெயர்ப்பலகை தொங்குவது போல.

ஸ்பானியம் எனக்குப் பிடிக்கக் காரணமே அதன் ஒழுங்குதான்: ஐந்து எழுத்து, ஐந்து உயிரொலி, நம் அ, இ, உ, எ, ஒ போல. பிரெஞ்சில் 'ஈ' சொல்லியபடியே உதட்டைக் குவிக்கும் ஒலியும், மூக்கொலி உயிர்களும் உண்டு.

ஆங்கிலத்திலும் ஐந்து உயிரெழுத்து இருப்பதால் ஐந்தே உயிரொலி என்று பலர் நினைக்கிறார்கள்; தென் இங்கிலாந்தின் பொது உச்சரிப்பில் ஈருயிர்களையும் ('ஐ' போல ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் ஒலிகள்) சேர்த்தால் சுமார் 20 இருக்கின்றன.