புது ஹெட்போனுக்கு என்ன ஆம்பிளிஃபயர்? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

புது ஹெட்போன் வாங்கியவர்கள் இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் முதலில் ஒன்று: ஹெட்போன் பெட்டியில் ஓம் (மின்தடை), டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். அவற்றைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (ஹட்டன்): அண்ணே, கனடாவிலிருந்து மாமா சென்ஹைசர் எச்டி 600 அனுப்பியிருக்கிறார். லேப்டாப்பில் புதுப் படப் பாட்டு சத்தமாகக் கேட்கிறது. பழைய கச்சேரிப் பதிவு மட்டும் முழு வால்யூமிலும் மெதுவாகவே வருகிறது. ஹெட்போன் பழுதா?

பதில்: பழுதில்லை தம்பி, நல்ல ஹெட்போன். ஆனால் அது 300 ஓம். மேட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)த் தண்ணீர் ஏற அழுத்தம் வேண்டுமே, அதுபோல ஓம் கூடினால் வோல்ட் கூட வேண்டும். இதற்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் சுமார் 97 டெசிபல் சத்தம் வரும். பத்து டெசிபல் கூட்டப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். கச்சேரியில் மிருதங்கம் ஓங்கி விழும் இடத்தில் 110 டெசிபல் வரை இடம் வைத்துக் கணக்குப் போட்டால் 20 மில்லிவாட் வருகிறது. 300 ஓமில் அது ஏறக்குறைய 2.5 வோல்ட். பல லேப்டாப்கள் ஒரு வோல்ட் அளவில் நின்றுவிடும். புதுப் பாட்டுகளை முழுக்க உரக்கவே பதிந்திருப்பதால் அந்த ஒரு வோல்ட் போதுகிறது. கச்சேரிப் பதிவில் சராசரிச் சத்தம் தாழ்வாக இருப்பதால் போதவில்லை. 300 ஓமில் 3 வோல்ட்டுக்கு மேல் தரும் ஆம்பிளிஃபயர் ஒன்று வாங்குங்கள். விளம்பரத்தில் போடும் பெரிய வாட் எண் பெரும்பாலும் 32 ஓமுக்கானது. 300 ஓமுக்கு என்ன எண் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): லயத்து வீடு, அடுத்த காம்பராவில் சின்னப் பிள்ளை தூங்குகிறது. இரவில்தான் பாட்டுக் கேட்பேன். பின்பக்கம் திறந்த ஹெட்போனா, மூடியதா?

பதில்: மூடியதுதான். திறந்த வகையில் இசை விசாலமாகக் கேட்கும், ஆனால் பாதிச் சத்தம் வெளியே போய்விடும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மூடிய வகை. 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வருகிறது. தனி ஆம்பிளிஃபயர் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை என்றால் 250 ஓம் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி (பண்டாரவளை): டெஸ்க்டாப்பில் மவுஸை நகர்த்தினாலே காதில் கீச்சென்று ஒரு சத்தம். உள்ளே பொருத்தும் சவுண்ட் கார்ட் வாங்கவா, யூஎஸ்பியில் வெளியே வைப்பதா?

பதில்: இன்றைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் மெல்லிய வயர் பெட்டிக்குள் இருக்கும் மின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் வருகிறது. பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் யூஎஸ்பி டாக் வாங்குங்கள். பாட்டுக் கோப்பின் எண்களை மின்னலையாக மாற்றும் பகுதிக்குத்தான் டாக் என்று பெயர், அதை அந்த இரைச்சலுக்கு வெளியே கொண்டுவந்துவிடலாம். சவுண்ட் பிளாஸ்டர் 1989இல் வந்தபோது சாதாரணக் கணினியில் நல்ல ஒலியே கிடையாது, அப்போது உள்ளே ஒரு கார்ட் தேவைப்பட்டது. இப்போது எல்லா மதர்போர்டிலும் ஒலிச் சிப் இருக்கிறது.

கேள்வி (நுவரெலியா): டாக்கும் ஆம்பிளிஃபயரும் வாங்கினேன். லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். கடைக்காரர் பிளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்கிறார்.

பதில்: ஐயா, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கால் உயிரைக் காக்க வைத்தது. சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், லேப்டாப்பும் ஆம்பிளிஃபயரும் இரண்டு வழியில் மின் இணைப்போடு சேர்ந்து ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் செருகுங்கள். அடுத்து, தகவலை மட்டும் விட்டு மின் தொடர்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சின்னக் கருவியை இடையில் போடலாம். லேப்டாப்பிலோ டிவியிலோ ஆப்டிகல் துளை இருந்தால் இன்னும் நல்லது, அது ஒளியால் போவதால் அந்த வழியாக மின்சாரமே கடக்காது. யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் சிறிய ஆம்பிளிஃபயரில் இந்தத் தொல்லை குறைவு. பழைய வயரிங் உள்ள வீடு என்றால் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். ஹெட்போன் தலையில் இருக்கும் பொருள், இதில் அலட்சியம் கூடாது.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் இறங்கும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி வையுங்கள். தலைக்கு மேல் இடி வந்த பிறகு வயரைத் தொடாதீர்கள்.

கேள்வி (பதுளை): 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் டாக்கை வாங்கினால் பாட்டு தெளிவாகுமா?

பதில்: கேட்கும்போது வித்தியாசம் தெரியாது. சீடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடுகிறது. அந்தப் பணத்தை நல்ல ஹெட்போனில் போடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): எங்கள் தோட்டத்தில் காமன் கூத்தைப் பதிவு செய்து கணினியில் தொகுக்க ஆசை. பதியவும் கேட்கவும் ஒரே கருவி போதுமா?

பதில்: போதும், இந்த வேலையை அவசியம் செய்யுங்கள். போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றில் மைக் துளையும் ஹெட்போன் துளையும் சேர்ந்தே இருக்கும். பதியும்போது 24 பிட் வையுங்கள், அதன் பயன் இங்கேதான். தப்பு மேளத்தின் அடி திடீரென எகிறும், அதனால் உச்ச அளவு மீட்டரின் மேல் எல்லையான பூச்சியத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை)க் குறையுங்கள். 24 பிட்டில் பிறகு கூட்டிக்கொண்டாலும் இரைச்சல் பெரிதாகத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்து வெட்டுப்பட்ட அடியை மட்டும் திரும்பப் பெற முடியாது. இந்த இன்டர்ஃபேஸ்களில் பலவற்றின் ஹெட்போன் பகுதி வலு குறைந்தது, 80 ஓமுக்குள் உள்ள ஹெட்போன் போதும்.

கேள்வி (ஹப்புத்தளை): ஆப்பிளின் சின்ன டாங்கிளை (யூஎஸ்பி-சி துளையில் ஹெட்போனைச் செருக உதவும் மாற்றி) ஆண்ட்ராய்டு போனில் போட்டால் சத்தம் குறைவு. ஏன்?

பதில்: பல ஆண்ட்ராய்டு போன்களில் அது முழு அளவுக்குத் திறப்பதில்லை. கணினியில் ஒரு வோல்ட் வரை தரும், 32 ஓம் ஹெட்போன் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

கேள்வி (கண்டி): மகனுக்கு ஆம்பிளிஃபயர் வாங்கிக் கொடுத்தோம். காது கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, கவனம் வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். கெயின் சுவிட்சைக் குறைந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். செருகுவதற்கு முன் வால்யூம் திருகு பூச்சியத்தில் இருக்க வேண்டும், பிறகு மெதுவாகக் கூட்டட்டும். ஹெட்போனைப் போட்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று நீங்கள் சாதாரணமாகப் பேசுவது அவருக்குக் கேட்கவே இல்லை என்றால் குறைக்கச் சொல்லுங்கள்.