நள்ளிரவு வெளிச்சம் ஊர் பேர் சொல்லுமா?

கேள்வி: நாங்கள் நாட்டுப்படகு மீனவர்கள். தடையை மீறி எல்இடி விளக்குப் போட்டு விசைப்படகுகள் கணவாயை அள்ளிக்கொண்டு போகின்றன. புகார் கொடுத்தால் ஆதாரம் எங்கே என்கிறார்கள். செயற்கைக்கோள் படம் உதவுமா?

உதவும். ஆனால் அது மட்டும் போதாது. வயிற்றில் அடிக்கிற விஷயம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய செயற்கைக்கோள்களில் 'விர்ஸ்' என்ற கருவி இருக்கிறது. நிலா இல்லாத இரவிலும் கடலில் எரியும் விளக்கை அது பிடித்துவிடும். நம் கடலுக்கு மேல் இவை வருவது நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில். உங்கள் ஆட்கள் பதினோரு மணிக்குப் பார்த்த படகு ஒரு மணிக்கே விளக்கை அணைத்திருந்தால் படத்தில் இருக்காது.

படத்தில் ஒரு புள்ளி என்பது கடலில் ஏறத்தாழ 750 மீட்டர் சதுரம். அதற்குள் இரண்டு படகு நின்றாலும் ஒரே புள்ளிதான். பதிவு எண் தெரியாது, வலையும் தெரியாது. சரக்குக் கப்பலும் புள்ளியாகவே விழும். அதனால் ஒரே இரவில் அடுத்தடுத்து வரும் இரண்டு செயற்கைக்கோள்களின் படங்களையும் ஒப்பிடுங்கள். பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் அரை மணியில் ஐந்து கடல் மைல் தள்ளிப்போயிருக்கும். விளக்குப் போட்டு மீன் கூட்டுகிற படகு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். பௌர்ணமியை ஒட்டிய படங்களை நம்பாதீர்கள். நிலவொளியில் மேகமே மினுங்கும். எப்படியும் விளக்குத் தொழிலுக்கு அமாவாசைப் பக்கம்தான் தோது, அதுவே படத்துக்கும் தோது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும்.

மீன்பிடிப் படகுகளைக் கண்காணிக்கும் குளோபல் ஃபிஷிங் வாட்ச் அமைப்பின் இணைய வரைபடத்தில் இந்தப் புள்ளிகளை இலவசமாகப் பார்க்கலாம். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் இரவுப் படமே கிடைக்கும்.

வடகொரியக் கடலில் 2017-இல் 900-க்கும் மேற்பட்ட சீனப் படகுகள் மீன்பிடித்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் இரவு வெளிச்சத்தை மட்டும் நம்பவில்லை. ரேடார் படம், படகுகள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஏஐஎஸ் சமிக்ஞை, கூர்மையான பகல் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

உங்களுக்கு அந்தக் கூடுதல் சாட்சி உங்கள் படகுகள்தான். வெளிச்சம் தெரிந்ததும் நேரத்தையும், உங்கள் படகின் ஜிபிஎஸ் அளவையும், விளக்கு எந்தத் திசையில் தெரிகிறது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் பதிவு எண்ணும் செல்போன் படமும். ஆபத்தான அளவுக்கு நெருங்கிப் போக வேண்டாம். பத்துப் பதினைந்து இரவுக் குறிப்பும் அதே தேதிப் புள்ளிகளும் ஒத்துப்போனால், மீன்வளத்துறைக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். விளக்கு வைத்து மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்ததையும் மனுவில் குறிப்பிடுங்கள். எந்த இரவில், எந்த இடத்தில் ரோந்து போக வேண்டும் என்று அவர்களிடம் கேட்க அப்போது உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

அன்றிரவே பிடிக்க வேண்டுமென்றால் படத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அது பிந்தித்தான் வரும். கடலோரக் காவல்படைக்கு 1554-இல் உடனே சொல்லுங்கள்.