வான்படத்தில் கட்டடம் தேடும் நிரல்: துல்லியத்தை எப்படிச் சோதிப்பது? (கேள்வி பதில்)

வான்படங்களிலிருந்தும் லைடார் (விமானத்திலிருந்து லேசர் துடிப்பு அனுப்பி உயரம் அளக்கும் முறை) புள்ளிகளிலிருந்தும் கட்டடங்களைத் தானாகப் பிரித்தெடுக்கும் நிரல்கள் தரும் முடிவைச் சரிபார்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், என் மாடல் 96 சதவீதத் துல்லியம் காட்டுகிறது. ஆனால் படத்தைத் திறந்து பார்த்தால் பாதி வீடுகளைக் காணோம். கணக்கில் தவறா?

பதில்: கணக்கு சரியாகத்தான் இருக்கும், எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் பொருந்தாதது. உங்கள் படத்தில் கட்டடங்கள் 5 சதவீதப் பரப்பில் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி விடுபட்டால் 2.5 சதவீதப் பிழை. கட்டடமே இல்லாத இன்னொரு 1.5 சதவீதப் பரப்பைக் கட்டடம் என்று நிரல் வரைந்துவிட்டால் மொத்தப் பிழை 4 சதவீதம். மிச்சம் 96! எதையுமே கண்டுபிடிக்காமல் வெற்றுப் படத்தைக் கொடுத்தால்கூட 95 வந்துவிடும். வயலும் சாலையும் வெட்டவெளியும் சேர்ந்து மதிப்பெண்ணைத் தூக்கிவிடுகின்றன.

இந்தத் துறையில் வழக்கமாகப் பார்ப்பது மூன்று எண்கள். உண்மையில் இருக்கும் கட்டடங்களில் எத்தனை பங்கு பிடிபட்டது என்பது முழுமை. நிரல் காட்டியவற்றில் எத்தனை பங்கு உண்மையானது என்பது சரித்தன்மை. பிடிபட்டவை, விடுபட்டவை, பொய்யாகக் காட்டப்பட்டவை மூன்றையும் கூட்டி, பிடிபட்டவற்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது தரம். மூன்றிலும் வெட்டவெளி உள்ளே வருவதில்லை. நீங்கள் சொன்ன படத்தில் முழுமை 50 சதவீதம், சரித்தன்மை 62.5, தரம் 38 சொச்சம். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்.

கேள்வி: பிக்சல் பிக்சலாக எண்ணுவதா, கட்டடம் கட்டடமாக எண்ணுவதா? இரண்டுக்கும் விடை ரொம்ப வித்தியாசமாக வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும். 5,000 சதுர மீட்டரில் ஒரு கிடங்கு, பக்கத்தில் 50 சதுர மீட்டர் வீடுகள் நூறு. நிரல் கிடங்கை முழுசாகப் பிடித்து, வீடுகளில் இருபதை மட்டும் பிடித்தால் பரப்பளவுக் கணக்கில் முழுமை 60 சதவீதம். எண்ணிக்கைக் கணக்கில் 101க்கு 21, அதாவது 21 சதவீதம்கூட இல்லை.

கூரைப் பரப்பை வைத்துச் சூரிய மின்சாரம் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுகிறவருக்கு முதல் எண் போதும். எத்தனை குடும்பங்கள் இருக்கலாம் என்று கணக்கிடுகிறவருக்கு அந்த எண் ஆபத்தானது. விடுபட்ட எண்பது கூரைக்கும் அடியில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் இரண்டையும் கொடுங்கள். கட்டட அளவுவாரியாகப் பிரித்தும் கொடுங்கள். சிறிய வீடுகளின் முழுமை தனி வரியில் இருக்கட்டும். வான்பட அளவைக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஎஸ்பிஆர்எஸ், ஜெர்மனியின் வைஹிங்கன் நகரப் படங்களை வைத்து நடத்திய ஒப்பீட்டிலும் 50 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத் தனிக் கணக்கு போட்டார்கள்.

கேள்வி: ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளை என் நிரல் ஒரே பாலிகனாக (மூடிய எல்லைக்கோடாக) வரைகிறது. இதைப் பிடிபட்டது என்று எழுதலாமா?

பதில்: எந்த விதியை முதலிலேயே வகுத்துக்கொண்டீர்களோ அதைப் பொறுத்தது. நிரல் வரைந்ததும் உண்மையான கட்டடமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது ஐஓயூ. அது 0.5ஐத் தாண்ட வேண்டும் என்பது விதியானால், ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைப்பது ஆறில் ஒரு பங்குதான். ஆறும் விடுபட்டவை, அந்த ஒரு பாலிகன் பொய். வீட்டின் பாதிப் பரப்பாவது மூடப்பட்டால் போதும் என்பது விதியானால் ஆறுமே பிடிபட்டவை. முடிவு ஒன்று, மதிப்பெண் பூஜ்யம் அல்லது நூறு! அதனால் 'ஒன்றாக இணைந்தவை', 'துண்டாக உடைந்தவை' என்று இரண்டையும் தனியாக எண்ணி எழுதுவதுதான் நேர்மையான வழி.

கேள்வி: ஐஓயூ 0.5 என்ற வரம்பு எல்லா அளவுக் கட்டடத்துக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. வடிவம் அச்சு அசலாக இருந்து, இடம் மட்டும் கிழக்கே 1 மீட்டர், வடக்கே 1 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது என்று வையுங்கள். 30க்கு 30 மீட்டர் கட்டடத்துக்கு ஐஓயூ 0.88. 10க்கு 10 வீட்டுக்கு 0.68. 4க்கு 4 மீட்டர் குடிசைக்கு 0.39, அதாவது தோல்வி. பிழை மூன்றிலும் ஒன்றேதான். 0.5 என்பது செயற்கைக்கோள் படத்தில் கட்டடம் கண்டறியும் ஸ்பேஸ்நெட் போட்டிகளால் பரவலான வரம்பு. மற்றவர்களோடு ஒப்பிட அது வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கட்டடங்களுக்கு மையப்புள்ளி எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்பதையும் மீட்டரில் சொல்லுங்கள்.

கேள்வி: நில அளவை வரைபடத்தை உண்மைத் தரவாக வைத்து ஒப்பிடுகிறேன். எவ்வளவு முயன்றாலும் ஐஓயூ 0.8ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மாடலை மாற்ற வேண்டுமா?

பதில்: மாடலைத் தொடாதீர்கள். முதலில் அந்த வரைபடத்தைத் திறந்து ஒரே ஒரு வீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். நில அளவைக்காரர் பெரும்பாலும் சுவரை அளப்பார். மேலிருந்து படம் எடுக்கும் கேமராவுக்குத் தெரிவது கூரை. சுவர் 10க்கு 10 மீட்டர், நான்கு பக்கமும் கூரை 60 செ.மீ. வெளியே நீண்டிருந்தால் கூரைப் பரப்பு 125 சதுர மீட்டருக்கு மேல். நிரல் அந்தக் கூரையை இம்மி பிசகாமல் வரைந்தாலும் ஐஓயூ 0.797தான் வரும். நீங்கள் முட்டிக்கொண்டிருப்பது தாழ்வாரத்தோடு!

அடுத்தது சாய்வு. சாதாரண ஆர்த்தோ படத்தில் (வரைபடத்தோடு பொருந்தும்படி திருத்திய வான்படத்தில்) தரைமட்டம்தான் சரியான இடத்தில் இருக்கும். உயரமான கட்டடத்தின் உச்சி வெளிப்பக்கம் சாய்ந்து விழும். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், விமானத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிற்கும் 20 மீட்டர் கட்டடத்தின் கூரை ஏறக்குறைய 7 மீட்டர் நகர்ந்து தெரியும். கட்டடங்களின் சாய்வையும் திருத்திய ட்ரூ ஆர்த்தோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் உண்மைத் தரவை அதே படத்தின் மேல் கூரையைப் பார்த்து வரையுங்கள். 'இது கூரைத் தடம், அடித்தளத் தடம் இல்லை' என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, தேதி. ஒருமுறை எங்களுக்கு முழுமை மிக மோசமாக வந்தது. இரண்டு வாரம் மாடலோடு போராடிய பிறகுதான் விடுபட்ட கட்டடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பெரும்பாலானவை படம் எடுத்த நாளில் வெறும் மனை. வரைபடம் அதற்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து, மாடலைக் குறை சொல்லும் முன் விடுபட்டதில் 50, பொய்யில் 50 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுகிறோம்: மரநிழல், தேதி, சாய்வு, கொட்டகை, வரைந்தவர் தவறு. ஒரு நாள் வேலைதான். நான் எந்த மதிப்பெண்ணைவிடவும் அந்தப் பட்டியலைத்தான் நம்புகிறேன்.

கேள்வி: ஒரு கட்டுரையில் எஃப்1 0.89, இன்னொன்றில் ஐஓயூ 0.80. முதலாவதுதானே சிறந்தது?

பதில்: எஃப்1 என்பது முழுமையையும் சரித்தன்மையையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது. பிக்சல் கணக்கில் இந்த இரண்டு முடிவும் ஒன்றே. ஐஓயூவை இரட்டித்து, 1 கூட்டிய ஐஓயூவால் வகுத்தால் எஃப்1: 1.6 வகுத்தல் 1.8, அதாவது 0.89. முதலில் நான் சொன்ன 'தரம்' என்பதும் பிக்சல் கணக்கில் ஐஓயூவேதான்.

அதைவிட, ஓரத்தில் எவ்வளவு சலுகை கொடுத்தார்கள் என்று தேடிப் படியுங்கள். மாசசூசெட்ஸ் கட்டடத் தரவில் 3 பிக்சல் வரை விலகலை மன்னிக்கும் மதிப்பீடு வழக்கத்தில் உண்டு. அங்கே ஒரு பிக்சல் 1 மீட்டர், ஆக மன்னிப்பு 3 மீட்டர். வைஹிங்கன் தரவிலும் எல்லைக்கோட்டை ஒட்டி 3 பிக்சலை விட்டுவிடும் கணக்கு உண்டு; ஆனால் அங்கே பிக்சல் 9 செ.மீ., ஆக 27 செ.மீ. மட்டும். இந்த இரண்டு மதிப்பெண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கேள்வி: கப்பா குணகம் வேண்டும் என்று வழிகாட்டி கேட்கிறார். கட்டடவாரியாக எப்படிக் கணக்கிடுவது?

பதில்: முடியாது. தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளப்பது கப்பா. அதற்கு, இல்லாததை 'இல்லை' என்று நிரல் சரியாகச் சொன்னவை எத்தனை என்று தெரிய வேண்டும். இல்லாத கட்டடங்களை எப்படி எண்ணுவது? பிக்சல் கணக்கில் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: லைடாரில் மரங்களெல்லாம் கட்டடமாக வருகின்றன. சரித்தன்மை அடி வாங்குகிறது.

பதில்: மேற்பரப்பு உயரத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்து, ஓர் உயரத்துக்கு மேலிருப்பதெல்லாம் கட்டடம் என்றால் மரமும் வரும். மரத்தில் ஒரே லேசர் துடிப்பு இலை, கிளை, தரை என்று பலமுறை திரும்பும். கூரையில் பெரும்பாலும் ஒரே முறை. அகச்சிவப்புப் படம் இருந்தால், பச்சை இலையைக் காட்டிக்கொடுக்கும் தாவரக் குறியீட்டையும் சேருங்கள். மதிப்பிடும்போது மரம் மூடிய கூரைகளைத் தனி வகையாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைக் கடுமையாக நீக்கினால் முதலில் காணாமல் போவது அவைதான்.

கேள்வி: எத்தனை கட்டடங்களைச் சரிபார்த்தால் போதும்?

பதில்: நூறு பார்த்து 90 பிடிபட்டிருந்தால், 95 சதவீத நம்பிக்கையில் உண்மையான முழுமை சுமார் 83 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம். நானூறு பார்த்து 360 என்றால் 87 முதல் 93. ஆனால் இது தனித்தனியாக, சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்தால்தான். ஒரே தெருவில் நானூறு எடுத்தால் அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். உண்மையான இடைவெளி இன்னும் அகலம். பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே படத்தைத் துண்டுபோட்டுக் கலந்து பிரிப்பதும் இதே கோளாறுதான்: பக்கத்து வீட்டைப் படித்துவிட்டு இந்த வீட்டில் பரீட்சை எழுதுகிறது மாடல். 2017இல் வந்த இன்ரியா என்ற கட்டடத் தரவில் பயிற்சிக்கு ஆஸ்டின், சிகாகோ, வியன்னா போன்றவையும், சோதனைக்கு சான் ஃபிரான்சிஸ்கோ, இன்ஸ்ப்ரூக் போன்ற வேறு இடங்களும் வைத்தது அதனால்தான்.

கேள்வி: மேடம், கடைசியாக ஒன்று. வெள்ளப் பகுதியில் வீடுகளைக் கண்டறிய எங்கள் குழு வேலை செய்கிறது. 'இது வீடு' என்று நிரல் ஒவ்வொன்றுக்கும் தரும் நம்பிக்கை மதிப்பெண்ணை எந்த எல்லையில் வெட்டுவது? எஃப்1 உச்சமாக இருக்கும் இடத்திலா?

பதில்: எஃப்1 விடுபட்டதையும் பொய்யையும் ஒரே எடையில் பார்க்கிறது. உங்கள் வேலையில் அவை ஒரே எடை இல்லை. பொய்யாகக் காட்டிய கொட்டகைக்குப் படகு போனால் அரைமணி நேரம் வீண். விடுபட்ட வீட்டுக்குப் படகே போகாது. எல்லையைத் தாழ்த்துங்கள்; பொய் கூடும், ஆனால் விடுபடுவது குறையும். எவ்வளவு தாழ்த்துவது என்பதைப் படகோட்டுபவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: ஒரு நாளில் எத்தனை வீண் பயணம் அவர்களால் தாங்க முடியும் என்று கேளுங்கள். அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் எல்லை கிடைக்கும். அந்த எல்லையில் சிறிய வீடுகளின் முழுமை எவ்வளவு என்பதைக் களத்துக்குப் போகும் வரைபடத்தின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.