அரிச்சுவடியிலிருந்து ஹிரகானாவுக்கு

கேள்வி: நர்ஸிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக மொழி படிக்கிறேன். ஹிரகானா எனும் ஜப்பானிய எழுத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தை எழுதி வைத்து மூன்று வாரமாக மனப்பாடம் செய்கிறேன். இன்றைக்கு வருவது நாளைக்கு மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: முதல் வேலையாக அந்த இங்கிலீஷ் எழுத்துகளை அழித்துவிடுங்கள். பக்கத்தில் தெரிந்த எழுத்து இருக்கும்போது கண் அதைத்தான் படிக்கும், ஜப்பானிய எழுத்தை வெறும் படம் மாதிரி தாண்டிப் போய்விடும். மூன்று வாரமாக நீங்கள் படித்துக்கொண்டிருந்தது இங்கிலீஷைத்தான்.

உங்களுக்கு வேண்டிய வரிசை ஒன்றாம் வகுப்பிலேயே உங்கள் வாயில் ஏறிவிட்டது. ஜப்பானிய உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும் அதே வரிசையில் நிற்கின்றன. அப்புறம் மெய் வரிசை: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ வரிசை பழங்காலத்தில் ப வரிசையாக இருந்தது என்கிறார்கள் மொழி அறிஞர்கள். ப என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள், நம் அரிச்சுவடியில் வ வரைக்கும் ங, ஞ, ட, ண, ல ஆகியவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். இது தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன, சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தை அங்குள்ள துறவிகள் படித்தார்கள், அந்தப் படிப்பிலிருந்து வந்த வரிசை இது. கடைசியில் தனியாக ஒரு 'ன்' சேர்த்தால் மொத்தம் 46 எழுத்து, அவ்வளவுதான்.

ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் க, கி, கு மூன்றும் ஒரே குடும்பச் சாடையில் இருக்கும், அங்கே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு வரிசை போதும். எழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கே என்ன தோன்றுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு 'கு' என்பது குயில் அலகைத் திறந்த மாதிரி இருந்தது, 'நொ' சீவி வைத்த நொங்கு மாதிரி. இப்படி இரண்டு பிடித்த பிறகு அந்த இரண்டும் இன்றுவரை மறக்கவில்லை. மூன்று வரிசை முடிந்ததுமே சொற்களைப் படிக்க ஆரம்பியுங்கள்: உஷி என்றால் மாடு, கஸ என்றால் குடை, இஸு என்றால் நாற்காலி. 46-ம் முடியட்டும், பிறகு சொல் படிக்கலாம் என்று காத்திருப்பவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

சரி, இங்கிலீஷுக்குப் பதில் தமிழில் எழுதி வைக்கலாமா என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். கல்லில் வரும் க-வும் தங்கத்தில் வரும் க-வும் நமக்கு ஒரே எழுத்து, ஒலி வேறு. ஜப்பானியர்கள் தங்கத்தின் க-வுக்கு எழுத்தின் வலது மேல்மூலையில் இரண்டு குட்டிக் கோடு இழுத்துக் காட்டுவார்கள். கோட்டைக் கவனித்துப் படிக்கக் கண் பழக வேண்டும்.

குறில் நெடிலில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஒபசன் என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி. ஒபாசன் என்றால் பாட்டி. நீங்கள் போகப்போகும் வேலையில் இந்த ஒரு மாத்திரை ரொம்ப முக்கியம். நல்லவேளை, கல், கால் என்று பேசியே வளர்ந்த நமக்கு அது காதிலேயே இருக்கிறது.

கேள்வி: ஜப்பானியரின் இன்னொரு எழுத்து வகையான கதகானாவில் ஷி, த்ஸு இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஆசிரியரிடம் தினமும் திட்டு வாங்குகிறேன்.
– பாலிடெக்னிக் மாணவர், பாபநாசம்

பதில்: தம்பி, அச்சில் பார்த்துக்கொண்டே இருந்தால் பிடிபடாது, கையால் இழுத்துப் பாருங்கள். ஹிரகானா ஷி ஒரு தூண்டில் முள். மேலிருந்து இறங்கி, அடியில் வளைந்து மேலே ஏறும். கதகானா ஷியிலும் இரண்டு சின்னக் கோடுகள் இடது ஓரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். ஹிரகானா த்ஸு இடமிருந்து வலமாகப் போய்க் கீழே இறங்குகிற அலை. கதகானாவிலும் சின்னக் கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில், நீளக் கோடு மேலிருந்து கீழே. ஸொ, ன் இரண்டுக்கும் இதே கணக்குதான், சின்னக் கோடு மட்டும் ஒன்று. ஸொ இறங்கும், ன் ஏறும்.

கதகானா பெரும்பாலும் வெளிநாட்டுச் சொல்லுக்கும் பெயருக்கும் என்பதால் பயிற்சி உங்கள் ஊர் பஸ்ஸிலேயே இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும்போது ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் கதகானாவில் எழுதிப் பாருங்கள். தாராசுரத்தில் கடைசி 'ம்' தனியாக நிற்காது, 'மு' என்றுதான் போட வேண்டும். அய்யம்பேட்டை வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அ, இ, ய, அப்புறம் 'ன்' எழுத்து (பகரத்துக்கு முன்னால் வருவதால் வாய் தானாக 'ம்' என்றே சொல்லும்), பெ, நெடிலுக்கு ஒரு கோடு, இரட்டிப்புக்குக் குட்டி த்ஸு, த, இ. ஒரே ஊர்ப் பெயரில் மூன்று பாடம் முடிந்துவிட்டது. குட்டி த்ஸு வேறொன்றும் இல்லை, நம் படு, பட்டு வித்தியாசம்தான்.

கேள்வி: பேத்தி டிசம்பரில் நடக்கும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிறாள். விடையைக் குறிப்பது மட்டும்தானாம், எழுதவே வேண்டாமாம். பிறகு ஏன் நோட்டு நோட்டாக எழுத வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நன்னிலம்

பதில்: ஐயா, அவள் சொல்வது சரி, அந்தத் தேர்வில் கையால் எழுதும் பகுதி கிடையாது. ஆனால் நேரம் குறைவு, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தால் தாள் முடியாது. கூத்தனூரில் விஜயதசமிக்குக் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கிறோமே, விரல் போன தடம் மனதில் நிற்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரு பக்கம் போதும். மறுநாள் காலையில் பார்க்காமல் எழுதச் சொல்லி, தப்பிய எழுத்தை மட்டும் திரும்ப எழுத வையுங்கள்.